ஒன்று பை பன்னிரண்டு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால்தான் வாக்குமூலத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுங்கள் என்று நீங்கள் சொன்னபோது, வேண்டாம், கையாலேயே எழுதுகிறேன் என்று காகிதம் வாங்கிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் என்றால் ஒன்றை அழித்துவிட்டு அதன்மேலேயே வேறொன்றை எழுதிவிடலாம். அடியில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த வசதி இந்தத் தடவை எனக்கு வேண்டாம். ஏதாவது தப்பாக எழுதிவிட்டால் அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, எது சரி என்று கீழே சொல்கிறேன்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். பதினோரு வருஷமாக அதே நாற்காலி. ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் கிணறோ ஆழ்துளைக் குழாயோ உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் ஆள் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பாட்டில் தண்ணீர் பிடித்து வருவார். பாட்டிலின்மேல் தெருவின் இரண்டெழுத்துக் குறியையும் கதவு எண்ணையும் எழுதுவார். கெமிஸ்ட் அம்மா அதைக் கருவியில் வைப்பார். கருவி அளவுகளை ஒரு ஃபைலாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஃபைலுக்குள் வெறும் அளவுகள் மட்டும்தான். எந்த வீடு என்பது ஃபைலின் பெயரில்தான் இருக்கும். என் புரோகிராம் வீட்டுப் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் பெயரில் உள்ள ஃபைலை எடுத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் அச்சடிக்கும். குடிக்கலாம், அல்லது குடிக்கக் கூடாது. அவ்வளவுதான் என் உத்தியோகம்.

பாட்டில் பிடித்து வருகிறவரை ஆபீஸில் பாட்டில்காரர் என்போம். இப்போது உங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில், மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வரும்போது எழுந்து நின்று வணக்கம் சொன்னார். என்னை என்னவென்று கூப்பிடுவார்கள் தெரியுமா? துல்லியம். "துல்லியம் வந்தாச்சா?" என்றுதான் காலையில் கேட்பார்கள். கிண்டல்தான், ஆனால் எனக்குப் பிடிக்கும். பிடித்துப்போனதுதான் வினை.

எங்கள் ஊர்க் கதவு எண்களில் சாய்கோடு உண்டு. பழைய மனைகளைத் துண்டு போட்டு விற்றபோது வந்தது. அக்கா இருக்கும் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினோராம் மனையில் இரண்டாவது வீடு 11/2. முதல் மனை ஒரு காலத்தில் பெரிய தோட்டம். அதைப் பன்னிரண்டு வீடாக்கினார்கள். கடைசி வீடு 1/12. வாயால் சொல்லும்போது கோட்டைப் 'பை' என்போம். பதினொண்ணு பை ரெண்டு, ஒண்ணு பை பன்னெண்டு. தபால்காரர்கூட இதில் ஒரு நாளும் குழம்பியதில்லை.

கம்ப்யூட்டர் குழம்பும். ஒரு பெயரின் நடுவில் சாய்கோட்டைப் பார்த்தால், முன்னால் இருப்பது அலமாரி, பின்னால் இருப்பது அந்த அலமாரிக்குள் இருக்கும் காகிதம் என்று எடுத்துக்கொள்ளும். 11/2 என்று ஒரு ஃபைலை வை என்றால், 11 என்ற அலமாரியைத் தேடிப் போய், அப்படி ஒன்று இல்லையே என்று நின்றுவிடும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. வெளியிலிருந்து வரும் பெயரைச் சோதிக்காமல் ஃபைலுக்கு வைக்கக் கூடாது. கோடு இருந்தால் 'இந்தப் பெயர் ஆகாது' என்று வெளிப்படையாகச் சொல்லி வேலையை நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாது என்றால், கோடு இருந்த இடத்தில் வேறு எங்கும் வராத ஒரு குறியைப் போட்டு, வேண்டும்போது அதைத் திரும்பக் கோடாக்க வழி வைத்துக்கொள்ள வேண்டும். செய்யவே கூடாதது ஒன்றுதான். கோட்டைச் சும்மா எடுத்துவிடக் கூடாது. இரண்டு பெயர் ஒரே பெயராகிவிடும். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு இதை நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

நான் கோட்டைச் சும்மா எடுத்துவிட்டேன்.

புதுக் கருவி வந்த நாள் அது. மேலதிகாரி, கெமிஸ்ட் அம்மா, கருவி விற்ற கம்பெனி ஆள் எல்லோரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். முதல் பாட்டிலிலேயே புரோகிராம் நின்றது. மேலதிகாரி, "என்ன, துல்லியத்துக்கே சறுக்குதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காது சூடாகிவிட்டது எனக்கு. ஒரே ஒரு வரி எழுதினேன். பெயரில் சாய்கோடு இருந்தால் நீக்கு. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஃபைல் போய் உட்கார்ந்தது, கைதட்டினார்கள். நாளைக்குச் சரியாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் வேறு வேலை வந்தது. அந்த ஒரு வரியால் சிக்கல் வரும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

நான்காவது மாதம் வருஷ அறிக்கைக்காக எண்ணிக்கை எடுத்தேன். பாட்டில்காரரின் பதிவேட்டில் ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு பாட்டில். கம்ப்யூட்டரில் ஆயிரத்து இருநூற்று ஏழு ஃபைல். கையிலிருந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. கோட்டை எடுத்தால் 11/2 என்பதும் 112, 1/12 என்பதும் 112. ஒன்று உள்ளே போன பிறகு இன்னொன்று அதே பெயரில் வந்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. முதலில் வந்தது போயே போய்விட்டது. கடிதம் அச்சாகும்போது இரண்டு வீட்டுக்கும் ஒரே ஃபைலிலிருந்து, கடைசியாக வந்தவரின் தண்ணீருக்கான கடிதமே போயிருக்கிறது. அப்படி ஏழு ஜோடி. அதில் ஒரு ஜோடியின் ஒரு பாதி, அந்த 11/2, என் அக்கா வீடு.

அரை மணி நேரத்தில் புரோகிராமைத் திருத்திவிட்டேன். நன்றாகவே திருத்தினேன், இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அது இனிமேல் வரப்போகும் பாட்டில்களுக்கு. வந்து போனவற்றுக்குச் செய்ய வேண்டியது வேறு. மேலதிகாரியிடம் போய், ஏழு வீட்டுத் தண்ணீரை மறுபடி பார்க்க வேண்டும், என் தப்பு என்று சொல்ல வேண்டும். பாட்டில்காரர் ஒரு நாள் சுற்றினால் ஏழு பாட்டிலும் வந்துவிடும். மேலதிகாரி ஒரு தடவை முறைத்திருப்பார். ஆபீஸில் ஒரு வாரம் சிரித்திருப்பார்கள். வேலை போயிருக்காது. இதை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அந்த ஒரு வாரச் சிரிப்புக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன். அறிக்கையில் பாட்டில் எண்ணிக்கை ஆயிரத்து இருநூற்று ஏழு என்று எழுதினேன்.

கருவியோடு ஒரு சின்ன அச்சு இயந்திரமும் உண்டு. கடையில் தரும் பில்லைப் போல ஒரு காகிதச் சுருளில் ஒவ்வொரு பாட்டிலின் எண்ணையும் அளவையும் கோட்டோடு அப்படியே அடித்துத் தள்ளும். அந்தச் சுருளைப் பார்த்திருந்தால் எந்த வீட்டுத் தண்ணீர் எப்படி என்று அன்றே தெரிந்திருக்கும். ஆனால் பழைய சுருள்களை ஸ்டோர் ரூமில் எங்கேயோ போட்டிருந்தார்கள், தேடினேன், கிடைக்கவில்லை. ஆக, அக்கா வீட்டுத் தண்ணீர் நல்லதா, 1/12 வீட்டுத் தண்ணீர் நல்லதா, இரண்டுமே நல்லதா என்று எனக்குத் தெரியாது.

தெரியாததால், அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய கேன் தண்ணீர் வாங்கி அக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"எதுக்குடா இது? நல்ல தண்ணின்னு நீங்கதானே கடுதாசி குடுத்தீங்க?" என்றாள் அக்கா.

"குழாய்ல துரு வருதுக்கா. கொஞ்ச நாளைக்கு இதையே குடி."

"எங்க வீட்டுக் குழாயில துரு வர்றது உனக்கு எப்படிடா தெரியும்?" என்று சிரித்தாள். "சின்ன வயசுலயும் இப்படித்தான். கேக்காமலே எதையாவது தூக்கிட்டு வந்து நிப்ப."

ஒவ்வொரு ஞாயிறும் கேன் போயிற்று. தெருவுக்குள் வண்டி நுழையாது. முனையில் நிறுத்திவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். முனையிலேயே முதல் மனை. 1/12 தாண்டித்தான் 11/2. அந்த வீட்டில் ஒரு தையல்காரர். அவர் மனைவியும் தைப்பார். அக்காவுக்கு ரவிக்கையெல்லாம் அவர் கைதான். நான் கேன் சுமக்க ஆரம்பித்தபோது அந்தப் பெண்ணுக்கு எட்டு மாதம். வாசலில் தையல் மெஷினைப் போட்டு, வயிறு இடிக்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்தால் புன்னகைப்பார். நானும் புன்னகைப்பேன்.

நைட்ரேட் என்று ஒன்று உண்டு. உரமோ சாக்கடையோ கசிந்தால் கிணற்றில் சேரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசியிலும் தெரியாது. கெமிஸ்ட் அம்மா எனக்கு ஒரு தடவை விளக்கியிருக்கிறார். "பெரியவங்களுக்கு அவ்வளவா ஒண்ணும் பண்ணாது. பவுடர் பால் கலக்கிற கைக்குழந்தைங்களுக்குத்தான் ஆபத்து. ரத்தத்துல காத்து சேர விடாது, உதடெல்லாம் நீலமாயிடும். ஜனங்க கொதிக்க வெச்சாப் போதும்னு நெனைக்கிறாங்க. கொதிக்க வெச்சா தண்ணிதான் வத்தும், இது கூடத்தான் செய்யும்." நான் கேட்டுக்கொண்டேன். கடிதத்தில் அதற்கு ஒரு வரி ஒதுக்கியதும் நான்தான்.

மூன்றாவது ஞாயிறு தையல் மெஷின் மூடியிருந்தது. பெண் குழந்தை என்று அக்கா சொன்னாள். பெயர்கூட வைத்துவிட்டார்கள் என்றாள். என்ன பெயர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆறாவது ஞாயிறு நல்ல வெயில். கேனோடு அந்த வாசலைத் தாண்டும்போது அந்தப் பெண் கூப்பிட்டார். குழந்தை தோளில் இருந்தது.

"அண்ணா, இந்த வெயில்ல இவ்வளவு பாரம் தூக்குறீங்களே. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். கேனை இறக்கிவைத்துவிட்டு டம்ளரை வாங்கினேன். சில்லென்று இருந்தது. முழுவதும் குடித்தேன். பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பது எனக்குத் தெரியும்.

"நல்லா இருக்கா?" என்றார்.

"நல்ல தண்ணிம்மா."

"உங்க ஆபீஸ் கடுதாசியே வந்துச்சே. இவரு அதைப் பத்திரமா அலமாரில வெச்சிருக்காரு." குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் பால் பத்தலண்ணா. பவுடர்தான் குடுக்கறேன். தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சுதான் கலக்கறேன். போதும்ல?"

"கொதிக்க வெச்சாப் போதும்" என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசவில்லை. இப்போது எழுதக் கை கூசுகிறது. பக்கத்து மேஜையில் இருக்கும் உங்கள் உதவியாளர் நிமிர்ந்து பார்த்தால் காகிதத்தைக் கையால் மறைத்துக்கொள்கிறேன். எப்படியும் நீங்கள் எல்லோரும் படிக்கப்போகிறதுதான். இருந்தும் மறைக்கிறேன்.

அந்தக் குழந்தை ஐம்பத்தொன்பது நாள் இருந்தது. பதினோராவது ஞாயிற்றுக்கு முந்தின நாள் பகல், ஆபீஸில் இருந்தபோது அக்கா போன் செய்தாள். "டேய், தையல்காரங்க குழந்தைடா" என்றாள். உதடு நீலமாக இருக்கிறது என்று இரண்டு நாளாக அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாராம். குளிரால் இருக்கும் என்று துணி சுற்றினார்களாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே எந்தத் தண்ணீர் என்பதுதானாம். நான் போனை வைத்துவிட்டு, அன்றைக்கு முடிக்க வேண்டிய கடிதங்களை அச்சடித்து முடித்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கிணற்றைச் சோதித்தார்கள். எங்கள் கடிதத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். நீங்கள் விசாரிக்க வந்தீர்கள். பதிவேட்டில் ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு. என் அறிக்கையில் ஆயிரத்து இருநூற்று ஏழு. ஏழு பாட்டில் குறைகிறதே என்றீர்கள். பாட்டில் வந்திருந்தால் ஃபைல் இருக்கும் சார் என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையிருக்கவில்லை. பாட்டில்காரர் ஏழு வீட்டுக்குப் போகாமலே போனதாக எழுதிவிட்டார் என்று நீங்களே முடிவுக்கு வந்தீர்கள். பாட்டிலே வராத வீட்டுக்குக் கடிதம் எப்படிப் போனது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்த அன்று, அவர் என் மேஜைக்கு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "சார், நான் அந்த வீட்டுக்குப் போனேன் சார். அந்தம்மா படியில உக்காந்திருந்தாங்க, அவங்களால எழுந்திரிக்க முடியல, நானே கிணத்துல வாளி விட்டு எடுத்தேன். உங்க கம்ப்யூட்டர்ல எங்கயாவது ஒரு ஓரத்துல இருக்கும், கொஞ்சம் தேடிப் பாருங்க சார்" என்றார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடுவதுபோல் அவர் எதிரிலேயே கொஞ்ச நேரம் விசைகளைத் தட்டவும் செய்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த 'நன்றி சார்' என்னைத் தூங்க விடவில்லை, அதனால் வந்தேன் என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் மேலே இரண்டு இடத்தில் தப்பாக எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை, முதலில் சொன்னபடி இங்கே திருத்துகிறேன்.

முதலாவது. சிக்கல் வரும் என்று யாரும் சொல்லவில்லை என்று எழுதினேன். ஒருவர் சொன்னார். கருவி வந்த நாளில் கைதட்டல் அடங்கிய பிறகு, கூடையைத் தூக்கிக்கொண்டு போகப்போன பாட்டில்காரர் என் திரையைக் குனிந்து பார்த்தார். "சார், நடுவுல இருந்த கோடு எங்க சார்? பதினொண்ணு பை ரெண்டும் ஒண்ணு பை பன்னெண்டும் ஒண்ணாயிடாது?" என்றார். வருஷம் முழுக்க அந்தக் கோடுகளைக் கையால் போடுகிறவர் அவர். கம்பெனி ஆள் பக்கத்தில் நின்றிருந்தார். "நீங்க பாட்டிலப் பாருங்க, ஃபைல நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். ஆகவே, ஏழு பாட்டில் குறைகிறது என்று நீங்கள் சொன்னபோது, ஏன் குறைகிறது என்று அந்த ஆபீஸிலேயே முதலில் கண்டுபிடித்த மனிதரின் தலையில்தான் பழியைக் கட்ட விட்டேன். உங்களிடம் அவர் அதைச் சொன்னாரா என்று தெரியாது. சொல்லியிருக்க மாட்டார். என்னைக் காட்டிக்கொடுப்பதுபோல் ஆகிவிடும் என்று நினைத்திருப்பார்.

இரண்டாவது, காகிதச் சுருள். கிடைக்கவில்லை என்று எழுதினேன். கிடைத்தது. தப்பைக் கண்டுபிடித்த அன்றே, டீ டம்ளரை வைத்துவிட்டு நேராக ஸ்டோர் ரூமுக்குத்தான் போனேன். எல்லாச் சுருளும் தேதி போட்டு ஒழுங்காக அடுக்கியிருந்தது, அடுக்கியவனே நான்தான். பதினான்கு எண்ணையும் பார்த்தேன். ஆறு ஜோடிகளில் ஆபத்தில்லை. ஏழாவது ஜோடியில் 1/12 முதலில் வந்திருக்கிறது: நைட்ரேட் நூற்று முப்பத்தெட்டு. நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. அடுத்த வரியிலேயே 11/2: ஒன்பது. சுருளை என் மேஜையின் மூன்றாவது இழுப்பறையில், பழைய சாவிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பாட்டில்காரர் அந்த வீட்டுக்குப் போனார் என்பதற்கு அதுதான் சாட்சி. முதலில் அதை எடுத்து அவரை வீட்டுக்கு அனுப்புங்கள்.

அக்கா வீட்டுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எனக்கு முதல் நாளே தெரியும். அது தெரிந்த பிறகுதான் முதல் கேனை வாங்கினேன். எந்த வீட்டுத் தண்ணீர் கெட்டது என்று தெரியாத ஒருவன்தான் தன் அக்காவுக்குத் தண்ணீர் சுமப்பான். அந்தத் தெரியாதவனாக நான் இருக்க வேண்டியிருந்தது. தோள் வலிக்க வலிக்க, எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று நடந்தேன். வலி நிஜமாக இருந்ததால் மற்றதும் நிஜம்போல இருந்தது.

அந்தக் குழந்தைக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை என்று முடிக்கலாமா என்று பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். முடிக்கக் கூடாது. பத்து ஞாயிறு, அந்தக் குழந்தைக்கு வேண்டிய தண்ணீர் என் தோளில்தான் இருந்தது. அதைச் சிந்தாமல் அந்த வாசலைத் தாண்டிக் கொண்டுபோய், வேண்டாத வீட்டில் இறக்கினேன்.